தண்ணீர் இல்லாததால் தப்பிய காடு

மேற்கு ஆஸ்திரேலியாவில் ஹைடன் என்ற சிற்றூரிலிருந்து கிழக்கே போகும் மண்சாலையில் ஒரு கம்பிவேலி குறுக்கிடும். ஆள் உயரம்கூட இல்லாத வேலி. கிழக்கிலிருந்து படையெடுத்து வந்த முயல்களைத் தடுக்க 1901-இல் இந்த மாநிலம் வேலி போடத் தொடங்கியது. 1907-இல் முடிந்தபோது தெற்குக் கடற்கரையிலிருந்து வடக்குக் கடற்கரை வரை 1,800 கிலோமீட்டருக்கு மேல் நீண்டிருந்தது. வேலை முடிவதற்குள் முயல்கள் மறுபக்கம் போய்விட்டன. ஆனாலும் வேலியைப் பிடுங்கவில்லை. ஈமுவும் காட்டுநாயும் வயலுக்குள் வராமல் இருக்க இன்றும் பராமரிக்கிறார்கள்.

அந்த வேலியில் நின்று இரண்டு பக்கமும் பார்ப்பதிலிருந்துதான் இந்தக் காட்டுக்குள் போக வேண்டும் என்பேன். மேற்கே திரும்பினால் கோதுமை நிலம். அடிவானம் வரை மொட்டை. கிழக்கே திரும்பினால் காடு. விமானத்திலிருந்தோ செயற்கைக்கோள் படத்திலோ பார்த்தால் ரூல்தடி வைத்துக் கோடு கிழித்ததுபோல் இருக்கும்: ஒருபக்கம் வெளிர் மஞ்சள், மறுபக்கம் அடர் பச்சை கலந்த சாம்பல்.

கிழக்கே தொடங்கும் அந்தக் காட்டை கிரேட் வெஸ்டர்ன் உட்லண்ட்ஸ் என்கிறார்கள். பரப்பு ஏறத்தாழ 1.6 கோடி ஹெக்டேர், அதாவது 1.6 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1.3 லட்சம்தான். நம் மாநிலம் முழுவதையும் தூக்கி வைத்தாலும் சுற்றிலும் இடம் மிஞ்சும். குளிர்காலத்தில் மழையும் கோடையில் வறட்சியுமாக இருக்கும் மத்திய தரைக்கடல் வகைத் தட்பவெப்பத்தில், துண்டு துண்டாக உடையாமல் உலகில் எஞ்சியிருக்கும் மிகப்பெரிய காடு இதுவே. ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியான அவுட்பேக் என்றதும் செம்மண்ணும் ஒற்றைப் பாறையுமே நினைவுக்கு வருகின்றன; இத்தனை பெரிய காடு அதன் வாசலில் நிற்பது ஆஸ்திரேலியர் பலருக்கே தெரியாது.

காடு என்ற சொல்லும் நம்மை ஏமாற்றும். களக்காடு, வால்பாறை என்று பழகிய கண்ணுக்கு இது காடாகவே படாது. ஓடை கிடையாது, பாசி கிடையாது, ஈரவாடை கிடையாது. ஆண்டு மழை 250 முதல் 400 மில்லிமீட்டர். வறண்ட ஊர் என்று நாம் சொல்லும் தூத்துக்குடிக்கே இதைவிடக் கூடுதலாகப் பெய்யும். இந்த அளவு மழையில் உலகின் மற்ற பகுதிகளில் புல்லும் முட்புதருமே வளரும். இங்கே 20, 25 மீட்டர் உயர மரங்கள் நிற்கின்றன. இந்தப் புதிர்தான் இங்கே பார்க்க வேண்டிய முதல் அதிசயம்.

மரங்களில் பெரும்பாலானவை யூகலிப்டஸ். நீலகிரியில் கற்பூர மரம், சமவெளியில் தைல மரம், புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் ஆர்.எஸ்.பதி. அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்குச் சின்ன வயதில் கேட்ட புலம்பல்தான் ஞாபகம் வரும்: "பதி மரம் வச்ச நெலத்துல கெணறு தங்காது." கூழ்மரத்துக்காக நெருக்கி நட்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அடியோடு வெட்டி, மறுபடி துளிர்க்கவிடும் தோட்டத்தைப் பார்த்துவிட்டு அந்த மரத்தையே குற்றவாளியாக்கிவிட்டோம். அதன் சொந்த ஊரில் அது எப்படி வாழ்கிறது என்று பார்த்தபிறகு எனக்கு அந்தக் கோபம் மரத்தின்மேல் இல்லை. இந்தக் காட்டில் மட்டும் சுமார் 160 வகை யூகலிப்டஸ் இருக்கிறது. நாம் பரவலாக நட்டது விரல்விட்டு எண்ணும் சில வகைகளே.

இங்கே மரங்கள் ஒன்றையொன்று நெருங்குவதில்லை. ஒரு பெருமரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே லாரி திருப்பும் அளவுக்கு வெற்றிடம் இருக்கும். பார்க்கத்தான் வெற்றிடம். அடியில் வேர்கள் பக்கவாட்டில் நெடுந்தூரம் பரவி, அந்த இடத்தில் விழும் மழையைத் தமக்கென்று பிடித்து வைத்திருக்கின்றன. இலைகள் கிடைமட்டமாக விரியாமல் கத்திபோல் கீழ்நோக்கித் தொங்குகின்றன. உச்சி வெயில் இலையின் முகத்தில் விழாமல் ஓரத்தில் வழுக்கிப்போகும். அதனால்தான் நண்பகலில் இந்தக் காட்டில் நிழல் தேடினால் கிடைப்பது சல்லடை நிழல்.

இரண்டு மரங்களை மட்டும் அடையாளம் தெரிந்துகொண்டு போனால்கூடப் போதும். ஒன்று சால்மன் கம். உச்சியில் குடைபோல் விரிந்த பளபளக்கும் இலை, கீழே நேராக ஓங்கிய வழவழப்பான தண்டு. கோடை கழியும் சமயம் பழைய பட்டை உரிந்து புதுப்பட்டை வெளிவரும்போது தண்டு முழுக்க இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கலந்த ஒரு நிறம். சாயங்கால வெயில் பட்டால் உள்ளேயிருந்து ஒளிர்வதுபோல் தோன்றும். மற்றொன்று கிம்லெட். தச்சர் துளைபோடும் தமரூசிக்கு ஆங்கிலத்தில் கிம்லெட் என்று பெயர். தண்டு அதைப் போலவே முறுக்கிக்கொண்டு மேலேறும். செம்பு நிறம். முறுக்கின் பள்ளத்தில் விரலை வைத்துத் தடவினால் மெருகு போட்ட பித்தளைக் குத்துவிளக்கின் தண்டைத் தொட்டதுபோல் வழுக்கும். வெயிலில் நிற்கும் மரம், ஆனாலும் நிழற்பக்கம் கன்னத்தை வைத்தால் சில்லென்றிருக்கும்.

இந்த மரங்களின் வேர் எவ்வளவு ஆழம் போகும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. கல்கூர்லி என்ற சுரங்க நகரத்தின் அருகே நிலத்தடியில் தங்கம் இருக்கும் ஓரிடத்தில், மேலே நின்ற யூகலிப்டஸ் மரங்களின் இலைகளில் தங்கத் துகள்கள் இருப்பதை ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்டார்கள். 30 மீட்டருக்கும் கீழே இருக்கும் தங்கத்தைத் தண்ணீரோடு சேர்த்து வேர் உறிஞ்சி இலைக்கு அனுப்பியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் அளவல்ல. 500 மரங்களின் தங்கத்தைத் திரட்டினால் ஒரு கல்யாண மோதிரம் தேறும் என்று கணக்குச் சொன்னார்கள். மரம் தேடிப்போனது தங்கத்தையல்ல, தண்ணீரை. பத்து மாடிக் கட்டட உயரத்தைத் தலைகீழாகத் தரையில் இறக்கியிருக்கிறது அந்த வேர்.

மண்ணும் பழையது. யில்கார்ன் என்று பெயரிட்ட இந்த நிலத்தட்டின் பாறைகள் 260, 270 கோடி ஆண்டு மூத்தவை. தங்கம் பொதிந்த இதே வகைப் பச்சைப்பாறைப் பட்டைதான் கோலார் தங்கவயலிலும் ஓடுகிறது. நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி வெட்டிய கோலார்ப் பாறையும் கல்கூர்லிப் பாறையும் ஏறத்தாழ ஒரே யுகத்தவை. யில்கார்ன் நிலத்தின் பெரும்பகுதி பல கோடி ஆண்டுகளாகக் கடலில் மூழ்காமலும், பனிப்பாறை உழாமலும், எரிமலைக் குழம்பு மூடாமலும் கிடந்தது. மண்ணிலிருந்த சத்தெல்லாம் மழையில் கரைந்து போயிற்று. சத்தில்லாத மண்ணில் எந்த ஒரு செடியும் மற்றதை அமுக்கி ஆள முடியாது. மணல்மேடு, களிமண், சரளை, உப்பேரிக் கரை என்று ஒவ்வொரு வகை மண்ணுக்கும் ஒவ்வொரு செடி பழகிக்கொண்டது. அப்படித்தான் 3,000-க்கும் மேற்பட்ட பூக்கும் தாவர வகைகள் இங்கே சேர்ந்தன. ஆஸ்திரேலியாவின் தாவர வகைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. ஏழை மண்ணில்தான் இந்தச் செழிப்பு.

அப்படியானால் இத்தனை பெரிய காட்டை ஏன் யாரும் அழிக்கவில்லை? பாதுகாக்க வேண்டும் என்ற நல்லெண்ணம் காரணமில்லை. தண்ணீர் இல்லை, அதனால் விட்டுவைத்தார்கள். வேலிக்கு மேற்கே இருப்பதும் ஒரு காலத்தில் இதே காடுதான். 1960-களில் மேற்கு ஆஸ்திரேலிய அரசின் முழக்கமே ஆண்டுக்குப் பத்து லட்சம் ஏக்கர் புதுநிலம் என்பதாக இருந்தது. இரண்டு டிராக்டர்களுக்கு நடுவே நங்கூரச் சங்கிலியைக் கட்டி இழுத்து மரங்களைச் சாய்த்தார்கள். கோதுமைக்கு மழை போதுமான இடம் வரை வெட்டிக்கொண்டே வந்து, போதாத இடத்தில் நின்றார்கள். 1980-களில் புதுநிலம் திறப்பதும் நின்றுபோனது.

வெட்டியதன் பலனை மேற்குப் பக்கம் இன்றும் அனுபவிக்கிறது. ஆழ வேர் விட்ட மரங்கள் இருந்தவரை நிலத்தடி நீர் கீழேயே இருந்தது. மரம் போனதும் நீர் மட்டம் ஏறியது. கூடவே யுகக்கணக்கில் அடிமண்ணில் உறங்கிக் கிடந்த உப்பும் மேலே வந்தது. மாநிலத்தின் தென்மேற்கில் சுமார் பத்து லட்சம் ஹெக்டேர் நிலம் உப்புப் பூத்துக் கிடக்கிறது. முன்கூட்டியே தெரியாமல் நடந்ததில்லை இது. நீராவி என்ஜின்களுக்கு நீர் பிடிக்கும் ஓடைகள், சுற்றியுள்ள மரங்களை வெட்டிய பிறகு உப்பாக மாறுவதைக் கவனித்த வுட் என்ற ரயில்வே பொறியாளர், 1924-லேயே காரணத்தை விளக்கி எழுதிவிட்டார். அதற்கப்புறம்தான் அந்தப் பத்து லட்சம் ஏக்கர் முழக்கம் வந்தது. இதை எழுதும்போதும் மனம் ஆறவில்லை. மேகமும் கணக்கு வைத்திருக்கிறது: கோடையில் வேலிக்குக் கிழக்கே காட்டின்மேல் திரளும் மேகம் மேற்கே வயல்வெளியின்மேல் குறைவாக இருப்பதைச் செயற்கைக்கோள் படங்களில் கண்டு ஆராய்ந்திருக்கிறார்கள். கருமையான காடு வெயிலை வாங்கிக் காற்றை மேலே தள்ளுகிறது. வெளிறிய வயல் அதைச் செய்வதில்லை.

கோதுமையிடமிருந்து தப்பிய காடு தங்கத்திடம் மாட்டிக்கொண்டது. 1892-இல் கூல்கார்டியில், 1893-இல் கல்கூர்லியில் தங்கம் கிடைத்தது. ஆயிரக்கணக்கானோர் வந்து குவிந்தார்கள். குடிக்க நீர் இல்லை. இருந்தது உப்பேரி நீர். அதைக் கொதிகலனில் காய்ச்சி, ஆவியைத் தகரக் குழாயில் குளிரவைத்து, சொட்டுச் சொட்டாக நன்னீர் பிடித்து விற்றார்கள். காய்ச்ச விறகு? சுற்றியிருந்த காடு. நீர் போதாமல் தூய்மை கெட்டு டைபாய்டு காய்ச்சல் பரவி இளைஞர்கள் மாண்டார்கள். கடைசியில் பொறியாளர் சி.ஒய்.ஓகானர், மாநிலத் தலைநகரான பெர்த் அருகே மலையில் அணை கட்டி, எட்டு நீராவிப் பம்பு நிலையங்கள் வைத்து, 500 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள கல்கூர்லிக்குக் குழாயில் நீரைத் தள்ளும் திட்டத்தைப் போட்டார். நாளிதழ்களிலும் சட்டமன்றத்திலும் அவரை வறுத்தெடுத்தார்கள். 1902 மார்ச்சில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 1903 ஜனவரியில் நீர் கல்கூர்லியைச் சேர்ந்தது. இன்றும் அந்த வழியேதான் நீர் போகிறது. பெர்த்திலிருந்து நெடுஞ்சாலையில் போனால் குழாய் பக்கத்திலேயே கூட வரும்.

சுரங்கத்துக்கு முட்டுக்கொடுக்க மரம், கொதிகலனுக்கு விறகு, வீட்டுக்கு விறகு. விறகுக்காகவே காட்டுக்குள் ரயில் பாதை போட்டார்கள். உட்லைன் என்று பெயர். ஓரிடத்தில் மரம் தீர்ந்ததும் தண்டவாளத்தைப் பெயர்த்து அடுத்த இடத்தில் போடுவது. கூடவே தொழிலாளர் முகாமும் பள்ளியும் கடையும் ரயிலேறி நகரும். இத்தாலியரும் ஸ்லாவியரும் பெருமளவில் வேலை செய்தார்கள். 1960-களின் நடுப்பகுதி வரை இப்படியே கோடிக்கணக்கான டன் மரம் போயிற்று. இவ்வளவுக்குப் பிறகும் காடு திரும்பி வந்தது. வெட்டிய நிலத்தை உழவில்லை, அடிமண்ணைப் புரட்டவில்லை, வேறு பயிர் வைக்கவில்லை. அதனால் அடிக்கட்டையிலிருந்தும் விதையிலிருந்தும் மீண்டது. இன்று கல்கூர்லியைச் சுற்றி ஒரே தடிமனில் நெருக்கமாக நிற்கும் மரங்களைக் கண்டால், அது உட்லைன் காலத்தில் மொட்டையாகக் கிடந்த இடமாக இருக்கும். கீழே உற்றுப் பார்த்தால் பழைய தண்டவாளத் தடமும் துருப்பிடித்த டப்பாக்களும் தட்டுப்படும். அவற்றை எடுக்கக் கூடாது. அந்தத் தொழிலாளர்கள் விட்டுப்போன வரலாறு அது.

இந்த நிலத்துக்கு உரியவர்களைப் பற்றிப் பேசாமல் காட்டைப் பற்றிப் பேச முடியாது. நார்ஸ்மன் ஊரைச் சுற்றிய பெரும்பகுதி ஙாஜு என்ற பூர்வகுடி மக்களின் நாடு. வேற்று நாட்டார் இந்தப் பெயரை உச்சரிக்கத் தடுமாறுவார்கள். நமக்கு எழுத்தே இருக்கிறது. 2014 நவம்பரில் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் ஒரு லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் அவர்களின் பூர்வ உரிமையை ஏற்றது. வெளியிலிருந்து வந்தவர்கள் ஒரு பீப்பாய் நீருக்காக ஒரு மரத்தையே எரித்த இடத்தில், இவர்கள் பல்லாயிரம் ஆண்டு நீருக்குக் குறைவின்றி வாழ்ந்தார்கள். நீர் எங்கே ஒளிந்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

மேலீ என்ற குட்டை யூகலிப்டஸின் பக்கவேரைத் தோண்டி எடுத்து, துண்டு போட்டு, செங்குத்தாக நிறுத்தினால் அடியில் நீர் சொட்டும். இளமரமாக இருக்கும்போதே கிளையை வெட்டியும் வளைத்தும், கிளை பிரியும் இடத்தில் கிண்ணம்போல் குழி விழும்படி வளர்த்து, மழைநீரைத் தேக்கிய நீர்மரங்களும் உண்டு. ஒருவர் வடிவமைக்கத் தொடங்கிய மரம் அவர் பேரப்பிள்ளைகளுக்கு நீர் தரும். எல்லாவற்றிலும் முக்கியமானது பாறைக் குழிகள். காட்டுக்கு நடுவே மொட்டைத் தலைபோல் கருங்கல் பாறைகள் எழுந்து நிற்கும். அவற்றின் மேல் இயற்கையாகக் குழிந்த தொட்டிகளை நம்மா என்கிறார்கள். நம்மூர்க் குன்றுகளில் சுனை என்போமே, அதன் தம்பி. வாய் குறுகி வயிறு பெருத்த குழி. மழை பாறையில் வழிந்து உள்ளே இறங்கும். அதன்மேல் தட்டையான கல்லைப் பலகைபோல் மூடி வைப்பார்கள். வெயில் உறிஞ்சாது, கங்காரு விழுந்து சாகாது. 1893-இல் ஜான் ஹாலண்ட் என்பவர் தெற்கே புரூம்ஹில்லிலிருந்து கூல்கார்டி தங்கவயலுக்குப் புதர்களை வெட்டி வண்டிப்பாதை போட்டபோது, அந்தப் பாதை இப்படிப் பாறையிலிருந்து பாறைக்கு, நீரிலிருந்து நீருக்குத்தான் போனது. ஹாலண்ட் டிராக் என்ற அந்தத் தடத்தில் இன்றும் ஜீப்புகள் போகின்றன. ஹைடனில் ஊர் மக்களும் இதே பாடத்தைப் படித்தார்கள். சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் வேவ் ராக் என்ற அலைப்பாறை 15 மீட்டர் உயரம், நூறு மீட்டருக்கு மேல் நீளம். அதன் தலைமேல் ஏறிப் பார்த்தால் விளிம்பை ஒட்டிக் குட்டைக் கல்சுவர் ஒன்று ஓடும். பாறையில் விழும் மழையைத் திருப்பி அணையில் சேர்க்க 1928-இல் கட்டியது. கீழே நின்று படம் எடுப்பவர்களில் பலர் மேலே போவதில்லை. எனக்கு அலையைவிட அந்தச் சுவரே பெரிதாகப் பட்டது.

தீயையும் ஙாஜு மக்கள் தண்ணீரைப் போலவே கையாண்டார்கள். அவர்கள் மொழியில் தீக்கு கலா என்று பெயர். பாறைகளைச் சுற்றியுள்ள புல்லையும் புதரையும் சிறிது சிறிதாக எரித்தார்கள். பெருமரக் காட்டைத் தீயிலிருந்து காத்தார்கள். ஏன் காக்க வேண்டும் என்றால், யூகலிப்டஸ் எல்லாமே எரிந்தாலும் துளிர்க்கும் என்ற பொதுவான எண்ணம் இங்கே பொருந்தாது. மேலீக்குத் தரைக்கடியில் கிழங்குபோல் ஒரு கட்டை இருக்கிறது, அது எரிந்தாலும் துளிர்க்கும். கிம்லெட்டுக்கு அது இல்லை. தீ பட்டால் மரம் செத்துவிடும்; உதிரும் விதையிலிருந்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் குச்சி குச்சியாகக் கால் நுழையாத நெருக்கம். பிறகு போட்டியில் பல சாகும். முதிர்ந்த, இடைவெளி விட்டு நிற்கும் காடாக இருநூறு ஆண்டு கடந்துவிடும். மரத்தில் பறவை குடியிருக்கும் அளவு பொந்து விழுவதற்கே நூறாண்டுக்கு மேலாகும்.

கோடையில் இடி விழுந்து பற்றும் தீ இப்போது பெரிதாகப் பரவுகிறது. 2007 டிசம்பர் 30 அன்று கூல்கார்டிக்கு மேற்கே பூராபின் பகுதியில், மூடிய நெடுஞ்சாலையைத் திறந்துவிட்ட சிறிது நேரத்தில் காற்றுத் திரும்பி மூன்று லாரி ஓட்டுநர்கள் தீயில் இறந்தார்கள். 2019 டிசம்பரிலும் 2020 ஜனவரியிலும் நார்ஸ்மனைச் சுற்றி எரிந்தபோது, மேற்கு ஆஸ்திரேலியாவைத் தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தோடு இணைக்கும் ஒரே தார்ச்சாலையான ஐயர் நெடுஞ்சாலையைப் பன்னிரண்டு நாள் மூடினார்கள். சின்னச் சாலையோர நிறுத்தங்களில் பயணிகள் நாட்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. இங்கே கோடையில் போக வேண்டாம் என்பதற்காக.

ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை போகலாம். குளிர்கால மழை முடிந்து பூப்பூக்கும் பருவம். பகல் இதமாக இருக்கும். ராத்திரி நல்ல குளிர். பெர்த்திலிருந்து ஹைடன் சுமார் 340 கிலோமீட்டர், தார்ச்சாலை. ஹைடனிலிருந்து நார்ஸ்மன் 300 கிலோமீட்டர், மண்சாலை. இந்த 300 கிலோமீட்டரில் பெட்ரோல் பங்க் கிடையாது, கடை கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. பெரும்பகுதியில் போன் சிக்னலும் கிடையாது. ஹைடனில் டேங்கை நிரப்பிக்கொண்டு, ஆளுக்கு மூன்று நாள் கணக்கிட்டுத் தண்ணீர் எடுத்துக்கொண்டு, எந்த வழியாகப் போகிறோம், எப்போது சேர்வோம் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். செயற்கைக்கோள் வழியாக ஆபத்துச் செய்தி அனுப்பும் சிறு கருவியை வாடகைக்கு எடுத்துக்கொள்வது நல்லது. மழை பெய்தால் சாலையை மூடிவிடுவார்கள். மூடிய பலகையைத் தாண்டி ஓட்டினால் களிமண்ணில் நீங்கள் சிக்குவதோடு சாலையும் பாழாகும். வண்டி நின்றுபோனால் வண்டியை விட்டு நடக்கவே கூடாது. தேடி வருபவர்கள் கண்ணில் முதலில் படுவது வண்டிதான். நடந்து போன மனிதர் படமாட்டார். அந்தி சாயும்போது கங்காருக்கள் சாலைக்கு வரும், ஆகவே இருட்டுமுன் எங்காவது தங்கிவிடுவது நல்லது.

இந்தச் சாலை நெடுக 16 இடங்களில் விளக்கப் பலகை வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் இறங்க வேண்டியதில்லை. பிரேக்அவேஸ் என்ற இடத்தில் வெள்ளையும் காவியும் கலந்த களிமண் சரிவுகள். மெக்டர்மிட் பாறையில் ஏறினால் நாற்புறமும் காடு, ஒரு வீடு கண்ணில் படாது. ஜான்ஸ்டன் ஏரி உப்பேரி. ஒரு காலத்தில் ஓடிய ஆற்றின் மிச்சம். மேலே காய்ந்த ஓடு, கீழே சேறு. அதன்மேல் வண்டியை இறக்கிவிடாதீர்கள், டயர்த்தடம் பல ஆண்டு அழியாது. நார்ஸ்மன் ஊர், 1894-இல் லாரி சின்கிளேர் என்பவரின் குதிரை காலால் கீறிய இடத்தில் தங்கம் தென்பட்டதால் அந்தக் குதிரையின் பெயரையே பெற்றது.

அதிர்ஷ்டம் இருந்தால் மேலீக்கோழியைப் பார்க்கலாம்; அது கிடைக்காவிட்டாலும் அதன் மேடு கிடைக்கும். நாலைந்து மீட்டர் அகலத்துக்கு மணலும் சருகும் குவித்த மேடு. முட்டையின்மேல் கோழி உட்காருவதில்லை. உள்ளே புதைத்த சருகு மக்கும் சூடும் வெயிலின் சூடும் சேர்ந்து அடைகாக்கும். சேவல் அலகை மணலுக்குள் நுழைத்துச் சூடு பார்த்து, 33, 34 டிகிரியில் நிற்கும்படி மண்ணை அள்ளிப் போடும், அள்ளி எடுக்கும். மாதக்கணக்கில் இதுதான் அதற்கு வேலை. குஞ்சு பொரிந்ததும் தானே மண்ணைக் கீறி மேலே வந்து, தாய் தகப்பன் முகம் பாராமலே காட்டுக்குள் ஓடிவிடும். மேட்டை மிதிக்காமல் தள்ளி நின்று பார்க்க வேண்டும்.

வரைபடத்தில் இந்தப் பகுதியைப் பார்த்தால் சில துண்டுகளில் நேஷனல் பார்க் என்றும் சிலவற்றில் நேச்சர் ரிசர்வ் என்றும் போட்டிருக்கும். இரண்டும் ஒன்றல்ல. நேஷனல் பார்க் உயிர்களைக் காப்பதோடு மக்கள் வந்து பார்த்து மகிழவும் ஒதுக்கியது. நேச்சர் ரிசர்வ் செடிக்கும் விலங்குக்கும் ஆய்வுக்கும் ஒதுக்கியது. மனிதரின் பொழுதுபோக்கு அதன் நோக்கத்தில் இல்லை. நார்ஸ்மனை ஒட்டி டண்டாஸ் நேச்சர் ரிசர்வ் லட்சக்கணக்கான ஹெக்டேரில் கிடக்கிறது. அதற்குள் வரவேற்பு மையமோ உணவகமோ எதிர்பார்க்கக் கூடாது. அனுமதித்த இடத்தில் மட்டும் தங்க வேண்டும். விழுந்து கிடக்கும் காய்ந்த கட்டை பல்லிக்கும் சிறு உயிர்களுக்கும் வீடு, அதை விறகாக எடுக்கக் கூடாது. இப்படிப் பெயர் சூட்டிக் காத்தது போக, காட்டில் பாதிக்கும் மேலான பகுதி சட்டம் காக்கும் எந்தக் காப்பகத்திலும் சேராத அரசு நிலம். அதன்மேல் சுரங்க உரிமங்கள் விழுந்தபடி இருக்கின்றன. முன்பு தங்கமும் நிக்கலும். இப்போது பேட்டரிக்கு லித்தியம். மவுண்ட் ஹாலண்டில் லித்தியம் சுரங்கமே நடக்கிறது. தண்ணீர் இல்லாமை உழவனைத் தடுத்தது; சுரங்கத்தைத் தடுக்காது. இந்தக் காட்டுக்குச் சட்டத்தின் காவல் வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

ஒரு பாறையின் மேல் நாங்கள் மாலை நேரத்தில் ஏறினோம். சரிவின் நடுவே தோசைக்கல் அகலத்தில் ஒரு தட்டைக் கல் கிடந்தது. இயல்பாக உடைந்து விழுந்த கல் இல்லை, யாரோ வைத்தது என்று அருகில் போனபிறகுதான் தெரிந்தது. ஓரத்தில் ஒரு விரல் அளவு இடைவெளி. குனிந்து டார்ச் அடித்தேன். அரை ஆள் ஆழத்தில் கரிய நீர் அசையாமல் நின்றது; என் முகம் அதில் தெரிந்தது. பாறை இன்னும் பகல் சூட்டோடு இருந்தது, இடைவெளியில் வந்த காற்று மட்டும் குளிர்ந்திருந்தது. கடைசி மழை பெய்து வாரங்கள் ஆகியிருந்தன. யாரும் கல்லை நகர்த்தவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டு, எங்கள் கேனிலிருந்து ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டு இறங்கினோம்.